ஓடுபாதைக்கு வந்த நிவாரணம் தீவுக்கு வந்ததா? டொங்கா 2022: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

2022 ஜனவரி 15, சனிக்கிழமை. மாலை ஐந்தேகால் மணியளவில் பசிபிக் கடலில் ஹுங்கா டொங்கா–ஹுங்கா ஹாபாய் என்ற எரிமலை வெடித்தது. டொங்கா நாட்டின் தலைநகரம் நுக்குஅலோபாவுக்கு வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்தில், பெரும்பகுதி கடலுக்குள் அமிழ்ந்து கிடந்த எரிமலை அது. வெடிச்சத்தம் அலாஸ்கா வரை கேட்டது. கொஞ்ச நேரத்துக்குள் ஆழிப்பேரலை கரை ஏறியது. சில கரைகளில் 15 மீற்றர் வரை எழுந்ததாக டொங்கா அரசு பின்னர் அறிவித்தது. மங்கோ என்ற சிறு தீவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. பொனொய்புவாவில் இரண்டே இரண்டு வீடுகள் நின்றன. அலைக்குப் பின்னால் எரிமலைச் சாம்பல் வந்து கூரை, தோட்டம், ஓடுபாதை எல்லாவற்றையும் மூடியது.

டொங்காவின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு இலட்சம். 170 அளவான தீவுகளில் 36இல்தான் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சேதத்தை உலக வங்கி 9 கோடி அமெரிக்க டொலர் என்று மதிப்பிட்டது. கேட்கும்போது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் அந்த நாட்டின் ஆண்டு உற்பத்தியில் அது 18.5 வீதம். உயிரிழப்போ விரல்விட்டு எண்ணும் அளவுதான். முதல் நாளே எரிமலை குமுறி எச்சரிக்கை விடப்பட்டிருந்தது, அலை வந்தபோது வெளிச்சமும் இருந்தது. கடல் குணம் மாறினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சனத்துக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிகழ்வை யாழ்ப்பாணத்திலிருந்து ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தீவகத்துக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கு தீவுகளுக்கும் ஓர் அனர்த்த ஆயத்தத் திட்டம் எழுதும் தொண்டர் குழுவில் நான் இருக்கிறேன். இந்த நான்குக்கும் பாலமோ தாம்போதியோ கிடையாது. படகுதான் வழி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் குடாநாட்டின் கிழக்குக் கரையான வடமராட்சி கிழக்குக்கான நிவாரணக் களஞ்சியத்தில் வேலை செய்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை: உலகம் அனுப்பும் உதவி விமான நிலையத்துக்கும் பெரிய துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்த பிறகு, கடைசிக் கடலைத் தாண்டுவது யார், எதில், எப்போது? டொங்காவில் நடந்ததை நாள் வரிசையாகப் படித்தபோது இந்தக் கேள்விக்கு அங்கே பாதி பதில் இருப்பது தெரிந்தது. மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது.

சத்தமே இல்லாத முதல் நாட்கள்

வெடிப்போடு டொங்காவை பீஜியுடன் இணைத்த கடலடிக் கேபிள் அறுந்தது. நாட்டை வெளியுலகத்தோடு இணைத்தது அந்த ஒரே கேபிள்தான். தலைநகரத்தை வெளித்தீவுகளோடு இணைத்த உள்ளூர்க் கேபிளும் அதோடு போனது. சில செய்மதித் தொலைபேசிகளைத் தவிர நாடு முழுவதும் ஊமையானது. ஓக்லாந்திலும் சிட்னியிலும் இருந்த டொங்கா மக்கள் தாய் தகப்பன் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத நாட்களை வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்கத் தேவையில்லை.

17ஆம் திகதி நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் கண்காணிப்பு விமானங்களை அனுப்பின. வானத்திலிருந்து எடுத்த படங்களில்தான் மங்கோ தெரியவந்தது. அந்தத் தீவிலிருந்து ஓர் அபாய சமிக்ஞையும் கிடைத்திருந்தது. ஆனால் வீடு இடிந்ததைப் படம் காட்டும். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, காயப்பட்டவர்கள் யார் என்பதெல்லாம் படத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள டொங்காவின் சொந்த ரோந்துப் படகு ஹாபாய் தீவுக்கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே நொமுகா என்ற தீவில் இருந்த சுகாதார நிலையத்தையே அலை அடித்துப் போய்விட்டது என்பது அப்படித்தான் உறுதியானது.

வெளிநாட்டுக் கேபிள் பழுதுபார்க்கப்பட்டது பெப்ரவரி 22இல். அதாவது ஐந்து கிழமைக்கு மேல். உள்ளூர்க் கேபிளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. தொலைத்தொடர்பு போனால் முதலில் இருளுக்குள் போவது வெளித்தீவு, கடைசியாக வெளிச்சம் வருவதும் வெளித்தீவுக்குத்தான். நம்முடைய தீவுகளில் கோபுரம் சாய்ந்தாலோ மின்சாரம் நாலு நாள் நின்றாலோ கைத்தொலைபேசியால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு இறங்குதுறையிலும் மின்கலத்தில் ஓடும் ஒரு வானொலித் தொடர்புக் கருவி இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது தீவிலேயே வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். கருவியை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தபிறகு ‘தீவிலேயே’ என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டோம்.

சாம்பல் கூட்டியவர்கள், கடலடி பார்த்தவர்கள்

புவாமொட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையைச் சாம்பல் மூடிக் கிடந்தது. உதவி விமானங்கள் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் சாமான் ஏற்றித் தயாராக நின்றன, இறங்க இடமில்லை. டொங்கா ஆட்கள் சவளும் தள்ளுவண்டியும் கொண்டு நாட்கணக்கில் சாம்பலை அள்ளினார்கள். 20ஆம் திகதிதான் நியூசிலாந்தின் ஹெர்குலிஸ் விமானமும் அவுஸ்திரேலியாவின் பெரிய சரக்கு விமானமும் இறங்கின. உலகச் செய்திகளில் விமானம் இறங்கிய படம்தான் முன்னுக்கு வந்தது. என்னைக் கேட்டால், அந்த ஐந்து நாளின் மிகப் பெரிய நிவாரண வேலை சவளோடு நின்றவர்கள் செய்தது.

கடல் வழியில் நடந்ததுதான் எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பெரிய பாடம். நியூசிலாந்து கடற்படை முதலில் அனுப்பிய கப்பல்களில் ஒன்றான ‘வெலிங்டன்’ சுழியோடிகளையும் கடலடி அளவையாளர்களையும் ஏற்றிப் போனது. ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலின் அடி பழைய அடியாக இருக்காது. மணல் நகர்ந்திருக்கும், பாறை உருண்டு வந்திருக்கும், கொள்கலனும் உடைந்த படகும் வாய்க்காலில் கிடக்கும். பழைய வரைபடத்தை நம்பிப் பெரிய கப்பல் உள்ளே வந்து தரைதட்டினால் உதவி முழுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே முதலில் வாய்க்காலையும் துறையையும் பார்த்து உறுதிசெய்தார்கள், அப்புறம்தான் சாமான் கப்பல்.

குடாநாட்டுக்கு மேற்கே கடல் ஆழம் குறைந்தது. 2004இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கை உழுது போட்டபோது தீவகம் பெரும்பாலும் தப்பியதற்கு அது பாக்கு நீரிணைப் பக்கம் மறைவாக இருந்ததே காரணம். ஆனால் இதே ஆழமின்மைதான் அனர்த்த நாளில் வில்லங்கம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறை வரைக்கும் பார் (கடலடிப் பாறை) எங்கே, மணல் எங்கே, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் விலத்திப் போக வேண்டும் என்பது ஓட்டிகளின் தலைக்குள்தான் இருக்கிறது. தீவகத்துக்குச் சுனாமியைவிடச் சூறாவளிதான் கிட்டிய ஆபத்து. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வீசிய கடல் இது. அப்படியொரு புயல் கழிந்த மறுநாள், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் ஒரு கப்பல் தலைவனுக்கு இந்தக் கடலைச் சொல்லிக்கொடுக்க யார் நிற்பார்கள்? ஓட்டிகளை உட்காரவைத்து, மாவிலித்துறை தவிர வேறு எங்கெல்லாம் வள்ளம் அணைக்கலாம், வாடைக் காற்றுக்கு எங்கே, சோளகக் காற்றுக்கு எங்கே என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் வேலையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

வேண்டும், வேண்டாம் என்று சொன்னது யார்

டொங்காவில் அதுவரை கொவிட் கிட்டத்தட்ட இல்லை. ஒரே ஒரு நோயாளிதான் பதிவாகியிருந்தார். ஆகவே அரசு ஒரு நிபந்தனை வைத்தது: சாமான் வரட்டும், ஆட்கள் வேண்டாம். விமானத்தில் வந்தவர்கள் உள்ளூர் ஆட்களைக் கிட்ட நெருங்காமல் சாமானை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இறக்கிய சாமானை 72 மணித்தியாலம் தொடாமல் வைத்திருந்து, அதன்பிறகே பிரித்தார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு விமானம், குழுவில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்து நடுவழியில் திரும்பியது. ‘அடிலெய்ட்’ என்ற அவுஸ்திரேலியக் கப்பலில் 23 பேருக்குத் தொற்று. அப்படியிருந்தும் அது வந்து, ஆள் கலக்காமல் சாமானை இறக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் பெப்ரவரி தொடக்கத்தில் துறைமுகத் தொழிலாளர் இருவருக்குத் தொற்று வந்து நாடு முடக்கத்துக்குப் போனது.

இந்தக் கட்டுப்பாடு நிவாரணத்தைத் தாமதப்படுத்தியது என்று அப்போது சிலர் குறைப்பட்டார்கள். நான் டொங்கா அரசின் பக்கம். வீடு இழந்து நிற்கும் ஊருக்கு நோயையும் கொண்டுபோய்க் கொடுக்க எந்தக் கொடையாளருக்கும் உரிமை இல்லை. அதைவிட முக்கியம், ‘இது வேண்டும், இது வேண்டாம், இப்படித்தான் தர வேண்டும்’ என்று சொல்ல அங்கே ஒரு வாய் இருந்தது. எல்லோரும் அந்த வாயைக் கேட்டார்கள்.

2005இல் நமக்கு அது அமையவில்லை. வடமராட்சி கிழக்கைத் தெரிந்தவர்களுக்கு அதன் கிடை தெரியும்: செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி என்று ஒடுங்கிய மணல் நிலம், ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நீரேரி. நாகர்கோவில் வழி முன்னரங்குகளால் மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு லொறி போவதென்றால் ஏ9 வீதியால் முகமாலைச் சோதனைகளைக் கடந்து, பளைக்குப் போய், புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். வரைபடத்தில் குடாநாட்டின் பகுதி. உண்மையில் ஒரு தீவு. எதை எங்கே கொடுப்பது என்று அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து முடிவெடுக்க ஒரு பொதுக் கட்டமைப்பு 2005 ஜூன் 24இல் கையொப்பமானது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கட்டமைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. கையொப்பத்துக்கே ஆறு மாதம் சென்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாய் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் களஞ்சியத்தில் நின்றவர்கள் கண்ணால் கண்டார்கள். கம்பளிச் சட்டைகள் வந்தன. எந்த மொழி என்றே தெரியாத எழுத்தில் பெயர் ஒட்டிய மருந்துகள் வந்தன, காலாவதித் திகதி கடந்ததும் அதற்குள் இருந்தது. கரைவலைக்காரனுக்குத் தேவை வலையும் கயிறும். அவனிடம் கொடுக்க எங்கள் கையில் இருந்தது குளிர்நாட்டுப் போர்வை. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழிந்தோ சேதமாகியோ போயிருந்த நேரம் அது. தெற்கில் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சிச் சிறு படகுகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல கடலுக்குச் சரிவராத கட்டு. வடக்கில் அதே நேரம் ஆட்கள் படகுக்குக் காத்துக்கிடந்தார்கள். கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். அவர்களுக்குச் சரியான பட்டியலைக் கொடுக்க யாரும் இருக்கவில்லை.

தண்ணீர்

டொங்காவின் சிறு தீவுகள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்து வாழ்பவை. சாம்பல் கூரையில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் போனது, அலை ஏறிய இடத்தில் நிலத்தடி நீரும் உப்பானது. நியூசிலாந்தின் ‘அவோட்டேரோவா’ கப்பல் 2,50,000 லீற்றர் தண்ணீரோடு வந்தது. கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 70,000 லீற்றர் நன்னீர் எடுக்கும் வசதியும் அதில் இருந்தது. போத்தல் தண்ணீரை விமானத்தில் ஏற்றுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கெட்டித்தனமான ஏற்பாடு! ஒரு தொன் போத்தல் தண்ணீர் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

ஆனால் கப்பலில் இருக்கும் தண்ணீர் தீவில் இருக்கும் வாளிக்கு எப்படிப் போகும்? கொள்கலம் வேண்டும். அதைச் சுமக்கும் படகு வேண்டும். கரையில் ஏற்றி வைக்கத் தொட்டி வேண்டும். மாலைதீவில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் இதே பாடம்தான். தீவுகளின் அடியில் மெல்லிய படலமாக நின்ற நன்னீர் உப்பாகிப் போனது. சுத்திகரிப்பு இயந்திரமும் மழைநீர்த் தொட்டியும் தீவுக்குத் தீவு கொண்டுபோக வேண்டியிருந்தது.

நம்முடைய சுண்ணக்கல் நிலத்திலும் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லியதாகத்தான் மிதக்கிறது. 2005இல் கிணறு இறைப்பதை எல்லா அமைப்பும் விரும்பிச் செய்தது. பம்பியைப் போட்டு இறைத்தால் வேலை நடந்தது போலத் தெரியும், படமும் எடுக்கலாம். கிழக்குக் கரைக் கிணறுகளைக் கவனித்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு ஒன்றைச் சொன்னார்கள்: அளவுக்கு மிஞ்சி, திரும்பத் திரும்ப இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும், ஒருமுறை துப்புரவாக்கிவிட்டு மாரி மழை கழுவிவிடக் காத்திருப்பதே நல்லது. காத்திருக்கும் அந்த மாதங்களுக்கு பவுசர் தண்ணீர் தேவை. பவுசர் ஓட வீதி உள்ள ஊரில் அது சரி. எழுவைதீவுக்கு பவுசர் எதில் போகும்?

ஆகவே திட்டத்தில் தண்ணீருக்கு மட்டும் தனி அத்தியாயம். பாடசாலை, கோயில், தேவாலயம் ஆகியவற்றின் கூரையில் பீலி பூட்டி மூடிய தொட்டிகளில் மழைநீர் சேர்ப்பது, புயல் எச்சரிக்கை வந்ததும் பீலியைக் கழற்றித் தொட்டி வாயை மூடுவது, எந்தக் கிணறு கரைக்குக் கிட்ட, எந்தக் கிணறு மேட்டில் என்று வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் எழுதுவது. வெளிநாட்டு உதவி வந்து சேரும் வரையான முதல் ஐந்து நாளைத் தீவு தானாகவே தாண்ட வேண்டும். டொங்காவின் நாட்காட்டி சொல்லும் கணக்கு அது.

மங்கோ மக்கள்

மங்கோவில் தப்பியவர்கள் 62 பேர். உடுத்த உடுப்போடு அவர்களை நொமுகாவுக்கு ஏற்றினார்கள். நொமுகாவிலும் உணவும் சாமானும் போதாது. அங்கேயிருந்து பிரதான தீவான டொங்கடாப்புவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறகு அவர்களுக்கு ஏவா என்ற தீவில் புதுக் குடியிருப்பு அமைந்தது. அட்டாட்டா தீவு மக்களுக்கு டொங்கடாப்புவிலேயே இடம் கொடுக்கப்பட்டது. அந்த இடத்துக்குச் ‘சின்ன அட்டாட்டா’ என்று தங்கள் தீவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

அதாவது, மிக மோசமாக அடிபட்ட தீவுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்த வடிவம், ஆட்களை அங்கிருந்து எடுத்ததுதான். நான் இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஒரு வீடும் இல்லாத, தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளைகளையும் கிழவர்களையும் வைத்திருக்க முடியாது. மாலைதீவில் கண்டோல்ஹுதூ தீவின் மக்களும் திரும்பிப் போகவில்லை. செஞ்சிலுவைச் சங்கங்கள் துவாபாரு என்ற ஆளில்லாத தீவில் முழு ஊரையே புதிதாகக் கட்டிக் கொடுத்தன. அதற்கு நான்கு வருடம் எடுத்தது. அந்த மக்கள் அந்த நான்கு வருடமும் தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள்.

இடம்பெயர்தல் என்ற சொல் தீவகத்தில் சும்மா ஒரு சொல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவேயில்லை; புங்குடுதீவில் கூரை விழுந்த கல்வீடுகளைப் பார்த்தால் விளங்கும். நெடுந்தீவில் ஒரு கூட்டத்தில் இந்த மங்கோ கதையைச் சொன்னபோது மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எழும்பிச் சொன்னார்: “எங்களை ஏத்திக்கொண்டு போறதெண்டால், திருப்பிக் கொண்டுவந்து விடுற நாளையும் சொல்லிப்போட்டு ஏத்துங்கோ.” கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வசனத்தை அப்படியே திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்: வெளியேற்றம் நடந்தால் எங்கே தங்கவைப்பது, ஆடு மாட்டை யார் பார்ப்பது, எந்த நிலை வந்ததும் திரும்புவது, திரும்பும் படகு யாருடையது என்பதெல்லாம் ஏற்றும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

குறிகட்டுவான் ஜெட்டியில்

கடைசிக் கடல் என்று நான் சொல்வது என்ன என்று தெரிய ஒரு காலை குறிகட்டுவானில் நின்று பாருங்கள். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். லோஞ்சில் ஆட்களோடு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்து, கோழித்தீன், பாடசாலைப் புத்தகம் எல்லாம் ஒன்றாக ஏறும். ஜெட்டியில் நிற்பவர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே நீட்டுவார். லோஞ்சில் நிற்பவர் அலை லோஞ்சைத் தூக்கும் நேரம் பார்த்துப் பிடிப்பார். அந்த ஒரு கணம் தவறினால் மூட்டை கடலுக்குள், அல்லது ஆள் கடலுக்குள். சோளகக் காற்று இறுகிய நாளில் தூறல் அடித்து மாச்சாக்கின் மேல்பக்கம் ஊறிக் களியாகும். தீவில் இறக்கும்போது அதை வெயிலில் காயவைத்தாலும் புளிப்பு மணம் போகாது. தறப்பாளால் மூடினால் காற்று அதைப் பாய் போல எடுத்து வள்ளத்தைச் சரிக்கும் என்று ஓட்டிகள் மூட விடமாட்டார்கள்.

ஒரு வயதான ஓட்டி என்னிடம் சொன்னது: “தம்பி, அம்பது கிலோ மூட்டையை ஜெட்டியில ஒராள் தூக்குவான். வள்ளம் ஏறி இறங்கேக்க ரெண்டு பேராலயும் ஏலாது. இருபத்தஞ்சாக் கட்டுங்கோ, உள்ளுக்கு பொலித்தீன் போட்டுக் கட்டுங்கோ.” சர்வதேச நிவாரண வழிகாட்டிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை லீற்றர் என்று எல்லாம் அவற்றில் இருக்கிறது. தீவுக்கு வரும் மூட்டை எத்தனை கிலோவாக இருக்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். இப்போது எங்கள் பட்டியலில் எல்லாப் பொதியும் 25 கிலோவுக்கு உள்ளே, இரட்டை உறை, மிதக்கக்கூடியதென்றால் வெளியே கயிற்று வளையம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு

டொங்காவுக்கு மிக வேகமாகக் கை கொடுத்தவர்களில் ஒரு பகுதி அரசுகளே அல்ல. ஓக்லாந்தில் இருந்த டொங்கா மக்கள் ஒரு விளையாட்டரங்கில் கூடி, கொள்கலன் கொள்கலனாகத் தண்ணீர், உணவு, தளபாடம் நிரப்பினார்கள். பரல்களில் குடும்பத்தின் பெயரை எழுதி, இன்ன ஊர் இன்னாருக்கு என்று அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் நாட்டின் பொருளாதாரத்தில் வகிக்கும் பங்கில் டொங்கா உலகில் முதல் வரிசையில் நிற்கிறது. கேபிள் அறுந்ததும் அந்தப் பணமும் நின்றது. செய்மதி வழியாகப் பண அனுப்பல் திரும்பியது அங்கே பெரிய ஆறுதல்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் தீவக ஊர்ச் சங்கங்கள் அனர்த்தம் வந்தால் கட்டாயம் கை கொடுக்கும். இதுவரை கொடுத்தே வந்திருக்கின்றன. அவர்களிடம் வேண்டுவது ஒன்றுதான். உடுப்புச் சேர்க்க வேண்டாம். கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, சுங்கம் தாண்டி, யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவானில் 25 கிலோவாகப் பிரிபட்டுத் தீவுக்கு வரும்போது அந்த உடுப்புக்கான தேவை முடிந்திருக்கும், கூலிக்குப் போன காசில் இங்கேயே புது உடுப்பு வாங்கியிருக்கலாம். 2005இல் அரசு ஆளுக்கு வாரம் 375 ரூபா என்று கொடுத்தது, அதில் 200 பணமாக, 175 உலர் உணவாக. அந்தப் பணப் பகுதிதான் குடும்பங்களுக்குத் தாங்களே முடிவெடுக்கும் இடத்தைக் கொடுத்தது. பால்மா வாங்குவதா, பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதா என்று தாய் முடிவெடுத்தாள். ஆனால் தீவில் பணம் பயன்பட வேண்டுமென்றால் கடையில் சாமான் இருக்க வேண்டும். ஆகவே ஊர்ச் சங்கங்கள் இப்போதே, அனர்த்தம் இல்லாத நாளிலேயே, தீவின் கூட்டுறவுக் கடைக்கு இரண்டு கிழமை மேலதிக இருப்பு வைக்க உதவுவது ஒரு கொள்கலனைவிடப் பெறுமதியானது. பழையது விற்றுப் புதியது நிரம்பும், பழுதாகாது.

இப்போது எங்கே நிற்கிறோம்

ஓட்டிகளின் பெயர்ப் பட்டியலும் வள்ளங்களின் பட்டியலும் நான்கு தீவுக்கும் முடிந்துவிட்டன. யாருடைய எஞ்சின் எத்தனை குதிரைவலு, எத்தனை மூட்டை தாங்கும், எந்தக் காற்றில் ஓடும் என்பது வரை எழுதியிருக்கிறோம். இறக்கும் இடங்களின் வரைபடம் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வந்திருக்கிறது. அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறைப் பக்கத்து ஓட்டிகளோடு இன்னும் உட்கார வேண்டும். தறப்பாள், கயிறு, தண்ணீர்க் கான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை யாழ்ப்பாணத்தில் சேர்த்து வைக்காமல் ஒவ்வொரு தீவிலும் மேட்டில் உள்ள ஒரு கட்டடத்தில் வைப்பது என்று சங்கங்கள் ஒத்துக்கொண்டன. கிராம அலுவலர்களும் சம்மதம்.

எரிபொருள்தான் இழுபடுகிறது. அனர்த்தம் முடிந்த மறுநாள் காலை வள்ளம் ஓட மண்ணெண்ணெய் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் சில பரல்களை எப்போதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அந்தப் பணம் யாருடையது, பரலை யார் பொறுப்பெடுப்பது, வழமையான தொழிலுக்கு அதிலிருந்து எடுத்தால் எத்தனை நாளுக்குள் திருப்பி நிரப்புவது என்பதில் இரண்டு கூட்டமாக இழுபறி. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அனுபவம் எல்லோருக்கும் இருப்பதால் யாரும் இதை இலேசாக எடுக்கவில்லை. அடுத்த கூட்டம் வேலணையில். வாடை தொடங்குவதற்கு முன் இந்த ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று நான்கு தீவுச் சங்கங்களுக்கும் கடிதம் போட்டிருக்கிறோம்; ஊர்ச் சங்கங்களில் யாராவது பரல் செலவை ஏற்க முன்வந்தால் அதே கூட்டத்தில் கணக்கைத் திறந்துவிடலாம்.